சாதுப் பசு முரண்டு பிடிக்கும்போது: மலையகத்து மாட்டுப்பட்டிக்கான பிழை நீக்கும் வழிமுறை

இலங்கை மலையகத்தில் மாடு வளர்க்கும் குடும்பங்களில் பலவற்றிடம் இருப்பது ஒன்றோ இரண்டோ பசுக்கள்தான். லயம் என்கிற தோட்டத்து வரிசை வீட்டுக்குப் பின்னாலோ தேயிலை மலையின் ஓரத்தில் கிடைத்த ஒரு துண்டு நிலத்திலோ தகரக்கூரை போட்ட ஒரு பட்டி, அதற்குள் பிரீசியன், ஜெர்சி அல்லது அயர்ஷயர் கலப்பில் ஒரு பசு, பக்கத்தில் அதன் கன்று. மேய்ச்சல் தரை இல்லாததால் புல் தலைச்சுமையாகப் பட்டிக்கு வருகிறது. மாடு நாள் முழுவதும் கட்டிய இடத்திலேயே நிற்கிறது. அம்பேவளைப் பக்கம் பெரிய பண்ணையில் நூற்றுக்கணக்கான மாடுகளுக்கு நடுவே ஒரு மாட்டின் கோணல் குணம் கவனிக்கப்படாமல் போகலாம். வீட்டுப் பட்டியில் அதே மாடு ஒரு வாளிப் பாலைக் கவிழ்த்தால் அன்றைய வருமானம் சாணிக் கானில் (வடிகாலில்) ஓடிவிடும்.

அப்படி ஒன்று நடந்தவுடன் நம்மிடையே இரண்டு விளக்கங்கள் தயாராக இருக்கும்: மாட்டுக்குத் திமிர் ஏறிவிட்டது, அல்லது யாரோ கண் வைத்துவிட்டார்கள். நான் பார்த்த அளவில், பிறவிக் குணத்தால் மட்டுமே தொல்லை தரும் மாடு மிகவும் அரிது. வலி, பயம், பசி, உடலின் பருவ மாற்றம் ஆகிய நான்கையும் ஒவ்வொன்றாகத் தேடிப்பார்த்து விலக்கிய பிறகே குணத்தின்மீது பழி போடவேண்டும் என்பதுதான் இந்த வழிமுறையின் அடிப்படை.

முதலில் கேட்கவேண்டிய கேள்வி

இது புதிய பழக்கமா, பழைய பழக்கமா? நேற்றுவரை சாதுவாக நின்ற பசு இன்று காலையில் உதைத்தால், உடலில் ஏதோ நடந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டு தேடுங்கள். வாங்கி வந்த நாள் முதலே உதைக்கிறது என்றால், முன்பு யாரோ கற்றுக்கொடுத்த பயமோ பிறவிக் குணமோ காரணமாக இருக்கக்கூடும். இந்த ஒரு கேள்வியே பாதி வேலையை முடித்துவிடும். ஆனால் அதற்கு விடை சொல்ல, மாடு நலமாக இருக்கும் நாட்களில் எப்படி இருந்தது என்பது வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்கவேண்டும்.

அடுத்து, எந்த வேளையில், எந்த இடத்தில், யாரிடம் அது அப்படி நடந்துகொள்கிறது என்று பாருங்கள். எல்லா வேளையிலும் எல்லாரிடமும் முரண்டு பிடித்தால் மாட்டின் உடம்பைப் பாருங்கள். ஒரே ஆளிடம் மட்டும் என்றால் அந்த ஆளைப் பாருங்கள். மாடுகள் மனிதரை முகத்தாலும் உடையாலும் பிரித்தறியக்கூடியவை. கொழுந்து எடுத்துவிட்டு இடுப்பில் ஈரப் படங்கோடு (கொழுந்து எடுக்கும்போது கட்டிக்கொள்ளும் தடித்த விரிப்பு) நேராகப் பட்டிக்குள் நுழையும் அம்மாவைப் பார்த்து மிரளும் பசு, அதே அம்மா படங்கை அவிழ்த்து வெளியே போட்டுவிட்டு வந்தால் சாதுவாக நிற்பதைக் கண்டிருக்கிறேன். படங்கின் சரசரப்புதான் அதற்குப் பிடிக்கவில்லை.

பிறகு மூன்று சோதனைகள். மலக்குடலில் வெப்பமானி வைத்துப் பாருங்கள். வளர்ந்த மாட்டுக்கு 38 முதல் 39.3 பாகை செல்சியஸ் வரை இருப்பது வழமை. இடது விலாவுக்குப் பின்னே உள்ள பள்ளத்தில் முட்டியை அழுத்தி வைத்தால், இரண்டு நிமிடத்துக்குள் இரண்டு மூன்று முறையாவது வயிறு கையைத் தள்ளவேண்டும். படுத்திருக்கும் நேரத்தில் அசைபோடுகிறதா என்று பாருங்கள். நலமான பசு ஒரு நாளில் ஆறு முதல் எட்டு மணித்தியாலம் அசைபோடும். இவற்றில் ஒன்று பிசகினாலும் மேற்கொண்டு குணத்தைப் பற்றிப் பேசாமல் மிருக வைத்தியருக்குச் சொல்லியனுப்புங்கள்.

பால் கறக்கும்போது உதைக்கிறது

மிக அதிகமாக வரும் முறைப்பாடு இதுதான். மிக அதிகமாகத் தவறான வைத்தியம் செய்யப்படுவதும் இதற்குத்தான். பின்னங்கால்களைக் கயிற்றால் பிணைத்துவிட்டு வேலையை முடித்துவிடுகிறோம். பால் கிடைத்துவிடுவதால் காரணம் அப்படியே மூடிப்போகிறது.

கால்களைக் கட்டுவதற்கு முன் நான்கு காம்புகளையும் தனித்தனியாகத் தொட்டுப் பாருங்கள். ஒரே ஒரு காம்பைத் தொடும்போது மட்டும் காலைத் தூக்கினால் அந்தக் காம்பில்தான் விடை இருக்கிறது. குளிர்ந்த காற்றும் இடைவிடாத ஈரமும் சேரும் மாதங்களில் காம்பின் தோல் வெடிப்பது சாதாரணம். மெல்லிய கீறல் கண்ணுக்குத் தெரியாமல் விரலுக்கு மட்டும் சொரசொரப்பாகத் தட்டுப்படும். கறந்து முடித்தபின் காம்பைத் துடைத்து உலரவிட்டு மென்மையான களிம்பு தடவிவந்தால் சில நாட்களில் ஆறிவிடும், உதையும் தானாக நின்றுவிடும்.

வெடிப்பு இல்லையென்றால் மடியழற்சியைச் சந்தேகியுங்கள். ஒவ்வொரு காம்பிலிருந்தும் முதல் இரண்டு பீச்சுகளைக் கறுப்பு நிறக் கோப்பை ஒன்றில் தனியாகப் பிடித்துப் பாருங்கள். தயிர்போன்ற திரிகளோ நீர்த்த தன்மையோ இரத்தச் சாயலோ தெரிந்தால், அல்லது மடியின் ஒரு கால்பகுதி மட்டும் சூடாகவும் கட்டியாகவும் இருந்தால், அன்றே வைத்தியரை அழைக்கவேண்டும். மருந்து போடப்பட்ட மாட்டின் பாலை வைத்தியர் சொல்லும் நாள்வரை பால் சேகரிக்கும் நிலையத்துக்குக் கொடுக்கக் கூடாது. பலர் தெரியாமல் செய்யும் பிழை இது. சிலர் தெரிந்தும் செய்கிறார்கள்.

காம்பும் மடியும் நலமாக இருந்தால் கறப்பவரின் கையைப் பாருங்கள். கட்டைவிரலை உள்ளே மடக்கி, அதன் முட்டியால் காம்பை நெரித்து இழுத்துக் கறக்கும் பழக்கம் நம் ஊர்களில் நிறையப் பேரிடம் உண்டு. பல ஆண்டுகளாக அப்படிக் கறந்தவர்கள் அதைக் குறையாக ஏற்கமாட்டார்கள். ஆனால் காம்பின் உள்சுவரில் அது காயம் உண்டாக்குகிறது. முழுக் கையாலும் காம்பைப் பிடித்து, மேல்விரலில் தொடங்கி ஒவ்வொரு விரலாகக் கீழ்நோக்கி அழுத்திக் கறப்பதே சரி. நகத்தை வெட்டியிருக்கவேண்டும். அதிகாலை ஐந்து மணிக்கு மலைக்குளிரில் விறைத்த விரல்களோடு மடியில் கைவைத்தால் எந்தப் பசுவும் துள்ளத்தான் செய்யும். மடி கழுவ வெதுவெதுப்பான தண்ணீர் வைத்திருந்தால் கையும் சூடாகும், மடியும் தூய்மையாகும்.

உதை வரும் திசையையும் தெரிந்துகொள்வது நல்லது. மாட்டின் பின்னங்கால் முன்பக்கமாகவும் பக்கவாட்டிலும் வளைந்து வீசும். நேர்ப்பின்னால் மட்டும் உதைக்கும் என்று நம்பிப் பக்கத்தில் தளர்வாக நிற்பவர்தான் அடிபடுவார். உடலோடு ஒட்டி, தலையை விலாவில் லேசாகச் சாய்த்து உட்கார்ந்தால், கால் கிளம்பும் முன்பே தசை இறுகுவது நெற்றிக்குத் தெரிந்துவிடும். தவிர்க்க முடியாத வேளையில், உதாரணமாகக் காம்பில் மருந்து ஏற்றும்போது, இன்னொருவர் வாலை அடிப்பகுதியில் பிடித்து நிதானமாக மேல்நோக்கி நிமிர்த்திப் பிடித்தால் மாடு உதைப்பது பெரிதும் குறையும். வாலின் நடுவிலோ நுனியிலோ பிடித்து முறுக்கினால் எலும்பு ஒடியும்.

தலையீத்துக் கிடேரி உதைப்பது வேறு கதை. அதற்கு மடியில் கைபடுவதே புதிது. ஈன்ற வீக்கமும் சேர்ந்திருக்கும். இதற்கான மருந்தை ஈன்றபின் தேடுவது காலம் கடந்த முயற்சி. ஈனுவதற்கு ஐந்தாறு வாரம் முன்பிருந்தே கறக்கும் இடத்தில் கட்டி, தீனி வைத்து, முதுகிலிருந்து விலாவுக்கும் விலாவிலிருந்து மடிக்கும் கையைக் கொண்டுபோய்ப் பழக்குங்கள். காம்பிலிருந்து எதையும் பிதுக்கிப் பார்க்கவேண்டாம். காம்பு முனையை அடைத்திருக்கும் மெழுகு போன்ற அடைப்பு கிருமி புகாமல் காக்கிறது.

பாலை அடக்கிக்கொள்கிறது

மடி நிறைந்திருக்கிறது, காம்பில் பால் வரவில்லை. இது பிடிவாதம் போலத் தோன்றினாலும் மாட்டின் விருப்பத்துக்கு அப்பாற்பட்டது. மடியைத் தொட்டுத் துடைக்கும்போது மூளையிலிருந்து ஒட்சிரோசின் என்ற ஓமோன் இரத்தத்தில் கலந்து, ஒன்று ஒன்றரை நிமிடத்தில் பாலை இறக்குகிறது. அதன் வேகம் ஐந்து முதல் எட்டு நிமிடம் வரைதான் நிற்கும். மாடு பயந்தாலோ வலியை உணர்ந்தாலோ அட்ரினலின் சுரந்து அந்த வேலையை மறித்துவிடும். அந்தத் தடை விலக அரை மணித்தியாலம்கூட ஆகலாம். ஆகவே கறக்கும் முன் ஓர் அடி அடித்துவிட்டுப் பால் வரவில்லை என்று உட்கார்ந்திருப்பவர், தானே பூட்டிய கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறார்.

இங்கே திருத்தவேண்டியவை பெரும்பாலும் சிறியவை. மடியைத் துடைத்துவிட்டு வாளியைத் தேடிப் போய் பத்து நிமிடம் கழித்து வராதீர்கள். தினமும் ஒரே நேரத்தில் கறங்கள். பெரட்டுக்கு (தோட்ட வேலைக்கான காலைப் பெயர்ப் பதிவுக்கு) போகும் நாளில் ஐந்து மணிக்கும் ஞாயிற்றுக்கிழமையில் எட்டு மணிக்கும் கறந்தால் மாடு குழம்பும். நாயைப் பட்டிக்குள் விடாதீர்கள். கன்றை ஊட்டவிட்டுக் கறந்து பழகிய பசுவிடம் திடீரென்று கன்றைக் காட்டாமல் நிறுத்தினால் ஒரு வாரமாவது தொல்லை இருக்கும். கன்று இறந்துவிட்டால் அது இன்னும் கடினம். அப்போது புண்ணாக்கும் தவிடும் கறக்கும் வேளையில் மட்டும் தொட்டியில் விழும்படி வைத்து, அந்த வாளிச் சத்தத்துக்கே பால் இறங்குமாறு மெல்ல மெல்லப் பழக்கவேண்டும். ஊசி போட்டுப் பால் இறக்குவதை வழக்கமாக்கிக்கொண்டவர்கள் பிறகு ஊசியில்லாமல் கறக்க முடியாமல் தவிப்பதைப் பார்க்கிறோம். வைத்தியர் சொல்லாமல் அந்தப் பாதையில் இறங்கவேண்டாம்.

நடக்க மறுக்கிறது, வாசலில் நின்றுவிடுகிறது

ஒரு மழைக்காலத்தில் எங்கள் பசு மூன்று நாட்களாகப் பட்டி வாசலில் நின்று உள்ளே வர மறுத்தது. முன்னால் ஒருவர் கயிற்றை இழுக்க, பின்னால் இருவர் தள்ள, மாடு சேற்றில் சறுக்கி முட்டியில் காயம் பட்டதுதான் மிச்சம். பக்கத்து லயத்துப் பாட்டி ஒருவர் வந்து சற்று நேரம் பார்த்துவிட்டு, "தம்பி, மாட்டப் பாக்காத, மாடு என்னத்தப் பாக்குதுன்னு பாரு" என்றார். குனிந்து மாட்டின் தலைமட்டத்தில் நின்று பார்த்தேன். அந்த வாரம் புதிதாக மாற்றிய ஒரு தகரத்திலிருந்து நீர் ஒழுகி வாசலில் தேங்கியிருந்தது. அதில் வானமும் தகரத்தின் பளபளப்பும் ஆடிக்கொண்டிருந்தன. இரண்டு மண்வெட்டி மண்ணும் ஒரு கட்டு மானாப்புல்லும் போட்டு அதை மூடியபின் மாடு யாரும் இழுக்காமலே உள்ளே வந்தது.

அதற்குக் காரணம் மாட்டின் கண் அமைப்பு. கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் அதனால் ஏறத்தாழ 330 பாகை சுற்றிப் பார்க்க முடியும். நேர்ப்பின்னால் குருட்டுப் பகுதி. ஆனால் ஆழத்தை மதிப்பிடும் திறன் முன்னால் ஒரு குறுகிய பகுதிக்குள்தான் இருக்கிறது, அதற்கும் தலையைத் தாழ்த்திப் பார்க்கவேண்டும். நிழலும் பள்ளமும் அதற்கு ஒன்றுபோலத் தோன்றும். வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குள் நுழையும்போது கண் பழக நம்மைவிடக் கூடுதல் நேரம் எடுக்கும். எனவே சாணிக் கான், ஈரச் சீமெந்தின் மினுக்கம், கொடியில் ஆடும் சட்டை, வழியில் சுருண்டு கிடக்கும் தண்ணீர்க் குழாய் ஆகிய எல்லாமே தடைகள்தான். அவற்றை அகற்றுங்கள், உள்ளே ஒரு விளக்கைப் போடுங்கள், தலையைத் தாழ்த்தி மோப்பம் பிடித்துப் பார்க்க அரை நிமிடம் விடுங்கள்.

நடத்துபவர் நிற்கும் இடமும் முக்கியம். மாட்டின் தோள்தான் தராசின் முள். தோளுக்கு முன்னால் நின்றால் மாடு பின்வாங்கும் அல்லது திரும்பும், தோளுக்குப் பின்னால் பக்கவாட்டில் நின்றால் முன்னேறும். நேர்ப்பின்னால் நின்று கத்துபவரை அதனால் பார்க்க முடியாது, சத்தம் மட்டும் கேட்கும். பார்க்க முடியாத சத்தத்தை நோக்கி அது திரும்ப முயல்வதை நாம் முரண்டு என்கிறோம். மாட்டின் செவி நமக்குக் கேட்காத உயர்ந்த ஒலிகளையும் வாங்கும். விசிலும் தகரம் உரசும் கிறீச்சொலியும் அதை வதைப்பதில் வியப்பில்லை.

வழி சரியாக இருந்தும் நடக்க மறுத்தால் கால்களுக்கு வாருங்கள். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. இந்த உயரங்களில் கலப்பின மாடுகளை வாட்டுவது வெயிலைவிட ஈரமே. மஸ்கெலியா, அட்டன் பக்கம் தென்மேல் பருவக்காற்று மாதங்களிலும், வெலிமடை, பண்டாரவளைப் பக்கம் வடகீழ்ப் பருவக்காற்று மாதங்களிலும் குளம்பு ஊறி மென்மையாகி, சிறு கல்லும் உள்ளே தைக்கும். கட்டிய இடத்திலேயே நிற்கும் மாட்டுக்குக் குளம்பு தேயாமல் செருப்புப்போல நீண்டும் விடும். குளம்பைக் கழுவி, பிளவுக்குள் விரல்விட்டுப் பார்த்து, நாற்றமோ வெடிப்போ இருந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள்.

இறக்கத்தில் மட்டும் நடக்க மறுக்கும் மாட்டைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும், ஏனெனில் சரிவு நிலத்தில் வாழும் நமக்கு இது எளிதில் கண்ணில் படும். ஏற்றத்தில் ஏறுகிறது, இறக்கத்தில் முனகுகிறது. முதுகு வில்லாக வளைந்திருக்கிறது. முன்னங்கால் முழங்கைகள் வெளிப்புறமாக விரிந்து நிற்கின்றன. இந்தத் தோற்றம் வயிற்றுக்குள் கம்பியோ ஆணியோ குத்தியிருப்பதைக் காட்டக்கூடும். பழைய லயக்கூரைகளைப் பிரித்த இடங்களிலும் வேலிக்கம்பி கிடக்கும் பாதையோரங்களிலும் அறுத்த புல்லோடு அவை உள்ளே போய்விடுகின்றன. தோள்மேட்டின் மேல்தோலை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துப் பாருங்கள். நலமான மாடு முதுகைக் கீழே தாழ்த்தும், வலியுள்ள மாடு தாழ்த்தாமல் விறைத்து நிற்கும் அல்லது முனகும். கூர்முனை இதயத்தை எட்டும் முன் வைத்தியர் வந்தாகவேண்டும்.

விடாமல் கத்துகிறது

தனியாகக் கட்டப்பட்ட பசு கத்தினால் முதலில் நாட்காட்டியைப் பாருங்கள். சினைப்பருவம் சராசரியாக 21 நாட்களுக்கு ஒருமுறை, 18க்கும் 24க்கும் இடையில் வரும். மந்தையில் இருந்தால் மற்ற மாடுகள்மேல் ஏறுவதையும் ஏறவிட்டு அசையாமல் நிற்பதையும் கண்டு அறியலாம். ஒற்றைப் பசுவிடம் கத்தல், தீனி குறைதல், பால் குறைதல், பின்புறத்தில் கண்ணாடிபோல் தொங்கும் வழுவழுப்பு ஆகியவையே அடையாளங்கள். காலையில் கண்டால் அன்று மாலையும், மாலையில் கண்டால் மறுநாள் காலையும் சினை ஊசி போடுபவர் வரும்படி சொல்லிவைக்கவேண்டும். இதைத் தொல்லை என்று எண்ணி இடம் மாற்றிக் கட்டிவிட்டுச் சும்மா இருந்தால் மூன்று வாரம் வீணாகும். சினைப்பட்ட பசுவும் எப்போதாவது பருவ அடையாளம் காட்டுவதுண்டு. ஆகையால் ஊசி போட்ட மாடு மீண்டும் கத்தினால் சோதித்துப் பார்த்த பிறகே அடுத்த ஊசி. ஒழுங்கில்லாமல் சில நாட்களுக்கு ஒருமுறை கத்தி, காளைபோல மண்ணைக் கிளறினால் சூலகக் கட்டியாக இருக்கலாம்.

பருவம் இல்லையென்றால் பசியும் தாகமும். ஒரு லீற்றர் பாலுக்கு நான்கைந்து லீற்றர் தண்ணீர் வேண்டும். காலையில் ஒரு வாளி, மாலையில் ஒரு வாளி என்பது பத்து லீற்றர் கறக்கும் பசுவுக்கு எந்த மூலைக்கும் காணாது. தை, மாசி மாதங்களில் நுவரெலியாப் பக்கம் உறைபனி விழுந்து புல் கருகும்போது, பழைய தேயிலையைப் பிடுங்கிய மலையில் நட்ட குவாத்தமாலாப் புல்லும் முற்றிப்போன தண்டும்தான் புல்லுக்கட்டில் வரும். வயிறு நிறைந்தாலும் சத்துப் போதாமல் மாடு கத்தும்.

இரவில் மட்டும் தவித்து, கயிற்றை இழுத்து, காலையில் வியர்த்து நின்றால் பட்டியைச் சுற்றி மண்ணைப் பாருங்கள். தேயிலை மலைகளில் சிறுத்தை நடமாட்டம் புதிதல்ல. மோப்பம் கிடைத்தாலே மாடு கலங்கும். கன்றை இரவில் அடைப்பான இடத்தில் வையுங்கள். தீபாவளி வெடிக்கும் இது பொருந்தும். காமன்கூத்துத் திருவிழாக் காலத்தில் பட்டிக்குப் பக்கத்திலேயே தப்பு மேளம் முழங்கும் என்று தெரிந்தால் மாட்டை முன்கூட்டியே தள்ளிக் கட்டலாம். பட்டிப்பொங்கல் அன்று மாட்டை அலங்கரித்துவிட்டு அதன் காலடியிலேயே சரவெடி கொளுத்தும் வழக்கம் எனக்கு இன்றும் புரியவில்லை.

சுவரை நக்குகிறது, துணி மெல்லுகிறது

உப்பு, பொசுபரசு போன்ற கனிப்பொருள் குறைவும் குடற்புழுவும் முதற் காரணங்கள். கனியுப்புக் கலவையைப் பொதியில் சொன்ன அளவில் தீனியோடு கொடுங்கள், நக்குவதற்கு உப்புக்கட்டி தொங்கவிடுங்கள், புழு மருந்துக்கு வைத்தியரைக் கேளுங்கள். பொலித்தீனைக் கண்ணில் படவிடாதீர்கள். தலையை உதறி, தும்மி, ஒரு மூக்குத்துளையிலிருந்து மட்டும் இரத்தம் கசிந்தால் ஓடைத் தண்ணீரில் ஏறிய அட்டையாக இருக்கலாம். சில மணித்தியாலம் தண்ணீர் கொடுக்காமல் வைத்திருந்து பிறகு அகன்ற பாத்திரத்தில் தெளிந்த நீர் வைத்தால், அட்டை நீரைத் தேடி வெளியே தலைநீட்டும்போது துணியால் பிடித்து எடுத்துவிடலாம்.

ஈன்ற பிறகு குணம் மாறிவிட்டது

முதல் சில நாட்கள் கன்றை நெருங்குபவரை முட்ட வருவது தாய்மை. கன்றுக்கும் தாய்க்கும் நடுவில் நிற்காதீர்கள், வழக்கமாகக் கறப்பவரே போகட்டும், அது தணிந்துவிடும்.

ஆனால் பதற்றமும் நடுக்கமும் சேர்ந்தால் தாய்மை என்று விட்டுவிடக் கூடாது. ஈன்ற 72 மணித்தியாலத்துக்குள், முதலில் சற்றுப் பரபரத்து, பின்னங்கால் தள்ளாடி, காது குளிர்ந்து, பிறகு படுத்துக் கழுத்தை விலாப்பக்கம் மடித்துக்கொண்டால் அது கல்சியம் குறைந்த பால் காய்ச்சல். பெயர்தான் காய்ச்சல், உடம்பு சூடாக இருக்காது. வைத்தியர் கல்சியம் ஏற்றினால் மாடு எழுந்துவிடும், தாமதித்தால் இறந்துவிடும். வாய்வழியே எதையும் ஊற்றாதீர்கள். விழுங்க முடியாத நிலையில் அது நுரையீரலுக்குள் போகும்.

ஈன்று ஆறு வாரத்துக்குள், அதிகம் கறக்கும் பசு தீனியை ஒதுக்கி, தன் உடலையே விடாமல் நக்கி, வெறும் வாயை மென்று, வட்டமிட்டு, மூச்சில் இனித்த ஒரு மணம் வீசினால் அது உடற்கொழுப்பு எரிந்து உண்டாகும் கீற்றோசிசு. மழைக்குப்பின் மளமளவென்று வளர்ந்த, உரம் போட்ட இளம்புல்லை மட்டும் தின்ற மாடு தசை துடித்து, சிறு சத்தத்துக்கும் துள்ளி, விறைத்து விழுந்தால் மக்னீசியம் குறைவைச் சந்தேகிக்கவேண்டும். இதில் நேரம் மணிக்கணக்கில்கூட இல்லை. மூன்றையும் குணக்கேடாக எண்ணி மந்திரித்துக் காத்திருந்து மாட்டை இழந்த வீடுகள் உண்டு.

திடீரென்று வெறி

சாதுவான மாடு காரணமில்லாமல் கண்டதையெல்லாம் முட்டி, குரல் கம்மிக் கத்தி, எச்சில் ஒழுக, விழுங்கமுடியாமல் நின்றால் விசர்நோயாக (வெறிநாய்க்கடியால் வரும் நோய்) இருக்கலாம். தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று வாய்க்குள் கைவிடவே கூடாது. தூர இருந்து தனிமைப்படுத்தி, மிருக வைத்திய அதிகாரிக்கு உடனே அறிவியுங்கள். எச்சில் பட்டவர்கள் அந்த இடத்தை ஓடும் நீரிலும் சவர்க்காரத்திலும் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே வைத்தியசாலைக்குப் போகவேண்டும். அந்தப் பாலைக் குடிக்கவோ விற்கவோ வேண்டாம்.

முட்ட வருகிறது

செயற்கைமுறைச் சினைப்படுத்தல் வந்தபின் வீட்டுப் பட்டிகளில் காளை குறைந்துவிட்டது. எஞ்சியிருக்கும் ஆபத்து, தனியாகக் கைப்பால் ஊட்டி வளர்த்த ஆண் கன்று. சிறுவர்கள் அதன் நெற்றியைத் தள்ளி விளையாடுவார்கள். ஒன்றரை வயதில் அதே விளையாட்டை அது முழுப் பலத்தோடு தொடரும். கால்நடைகளில் ஜெர்சி, பிரீசியன் காளைகள் தோற்றத்துக்கு அமைதியாக இருந்தும் மிகவும் ஆபத்தானவை. உடலைப் பக்கவாட்டில் திருப்பித் தன் பருமனைக் காட்டுவது, தலையைத் தாழ்த்துவது, மண்ணைக் கிளறுவது ஆகியவை எச்சரிக்கைகள். அப்போது முதுகைக் காட்டி ஓடாமல், கண்ணை எடுக்காமல் பக்கவாட்டில் விலகி வெளியேறுங்கள். கன்றுக்குக் கொம்பு முளைக்கும் முன்னரே, இரண்டு மாதத்துக்குள், வைத்தியரைக் கொண்டு கொம்புக் குருத்தைச் சுட்டுவிடுவது பின்னாளில் பலரைக் காக்கும்.

படுக்காமல் நின்றுகொண்டே இருக்கிறது

தரையைப் பாருங்கள். பசு ஒரு நாளில் பத்து மணித்தியாலத்துக்கு மேல் படுக்கவேண்டும். ஈரச் சீமெந்திலும் பின்புறம் கானுக்குள் தொங்கும் அளவு குட்டையான இடத்திலும் படுக்காது. இறப்பர் விரிப்போ உலர்ந்த மரத்தூளோ போட்டுப் பார்த்து, இரண்டு நாளிலும் மாறாவிட்டால் மேலே சொன்ன கம்பிச் சோதனையைச் செய்யுங்கள்.

எல்லாம் பார்த்தும் மாறவில்லை

இப்போதுதான் பிறவிக் குணத்தைப் பற்றிப் பேசலாம். குணம் ஓரளவு மரபுவழி இறங்குவது உண்மை. தாய் வெறித்தால் மகளும் வெறிக்க வாய்ப்புண்டு. சாதுவான பசுவின் கிடேரியை வைத்துக்கொண்டு, மூர்க்கமானதன் கிடேரியை இனவிருத்திக்கு வைக்காமல் விடுவது தலைமுறைக் கணக்கில் பலன் தரும். ஆனால் அந்த முடிவுக்கு வருமுன், கறப்பவரை மாற்றி, கறக்கும் இடத்தை மாற்றி, அடியை முற்றிலும் நிறுத்தி, குறைந்தது ஒரு மாதம் பார்த்திருக்கவேண்டும். ஒருமுறை பயந்த இடத்தை மாடு நெடுநாள் மறப்பதில்லை.

விற்பதென்றால் வாங்குபவரிடம் குறையைச் சொல்லி விற்பதே நேர்மை. சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு உதைக்கும் மாட்டைச் சொல்லாமல் தள்ளிவிடுவது விலைக்காகச் செய்யும் காரியமாக இருக்கக் கூடாது. வாங்குவதென்றால் காலையும் மாலையும் இரண்டு வேளையும் உங்கள் கண்முன்னே கறந்து காட்டச் சொல்லுங்கள், மாலையில் நீங்களே உட்கார்ந்து கறந்து பாருங்கள், கால்களில் கயிற்றுத் தழும்பு இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். தரகர் அவசரப்படுத்தினால் அன்றைக்கு வெறுங்கையோடு பஸ் ஏறிவிடுங்கள்.